மூன்றாம் படி மூலை

செவ்வாய்க்கிழமை காலையும் அது வந்திருந்தது.

நீச்சல் குளத்தின் ஆழம் குறைந்த பக்கத்தில், தண்ணீருக்குள் இறங்கும் படிக்கட்டின் மூன்றாவது படி. அந்தப் படி சுவரோடு சேரும் இடது மூலையில் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலத்துக்குப் பச்சை. மற்ற இடமெல்லாம் கண்ணாடி. ஆழமான பக்கத்தில் யாரோ நழுவவிட்ட ஹேர்பின் அடியில் கிடப்பது மேலே நின்றே தெரிந்தது.

மிஷின்காரர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு படியில் நின்றார். குனிந்து கட்டைவிரலால் பச்சையைத் தடவினார். வழுவழுவென்று சறுக்கியது. விரலை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். மழைக்குப் பிறகான மொட்டைமாடியின் வாசனை.

"வந்திருச்சா?" வீட்டுக்குள்ளிருந்து அவருடைய அக்காவின் குரல்.

"வந்திருச்சுக்கா."

"சொன்ன தேதிக்குக் கரெக்டா வர்றது இந்த வீட்டுல அது ஒண்ணுதான்."

அவர் ஆறு வருஷமாகத் தினமும் செய்வதையே செய்தார். குளத்தின் நீளச் சுவரோரம் கைப்பிடிக் கம்பி இருக்கிற இடத்துக்கு நடந்தார். அங்கே ஒரு ரப்பர் பாய் எப்போதும் கிடக்கும், அவர் முழங்காலுக்காக. கம்பியைப் பிடித்து மண்டிபோட்டு, விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மொண்டார். சோதனைப் பெட்டியில் இருந்த மருந்தை ஐந்து சொட்டு விட்டுக் குலுக்கினார். தண்ணீர் மஞ்சளானது. பழுத்த எலுமிச்சைத் தோலின் மஞ்சள். பெட்டி மூடியில் ஒட்டியிருந்த வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்தார். குளோரின் மூன்று. இதைவிடச் சரியாக இருக்க முடியாது.

மருந்து இருக்கிறது. பாசியும் இருக்கிறது. இரண்டும் ஒரே தண்ணீரில்.

"ஏன்?" என்றார் மிஷின்காரர், யாரிடமும் இல்லாமல்.

அந்தச் சொல்லை அவர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறார் என்பதற்குக் கணக்கில்லை. இருபது வருஷம் தையல் மிஷின் பழுதுபார்த்தவர். ஊசி உடைந்தது என்று மிஷினைக் கொண்டுவந்தால் மற்ற மெக்கானிக்குகள் ஊசியை மாற்றித் தருவார்கள். இவர் ஊசி ஏன் உடைந்தது என்று கேட்டு மிஷினின் வயிற்றைத் திறந்துவிடுவார். மனைவி வீட்டில் அவருக்குப் பெயரே 'ஏன்' மாப்பிள்ளை. முதுகு வலி வந்து கடையை மூடியபிறகு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் குளத்தைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. நீச்சல் சொல்லித்தருவது மனைவி. காலை ஏழு மணிக்கும் சாயங்காலமும் குழந்தைகள், பத்து மணிக்குப் பெண்கள். தெரு முழுக்க அவளை டீச்சர் என்று கூப்பிடும். கூப்பிட்டுக் கூப்பிட்டு அவரும் அப்படியே பழகிவிட்டார்.

டீச்சர் குழந்தைகள் வகுப்புக்கு விசிலை மாட்டிக்கொண்டு வந்தாள். மூலையை எட்டிப் பார்த்தாள். நீளக் கம்பு போட்ட பிரஷ்ஷை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இருபதாவது தடவை" என்றாள்.

அவர் தேய்த்தார். பச்சை கலங்கிப் புகைபோல மேலே வந்தது. மெதுவாக, எங்கும் போகாமல், அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்த அவருக்கு அது அப்போது உறைக்கவில்லை.

*

வெள்ளிக்கிழமைதான் கெடு.

போன மாதம் சுகாதார ஆய்வாளர் அம்மா முதல்முறை வந்தபோது படியில் பாசி இருந்தது. 'குளோரின் போதாது' என்று எழுதிக்கொடுத்துப் போனார். போன வாரம் ஒரு குழந்தை அந்தப் படியில் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது. குழந்தையின் அப்பா புகார் கொடுத்தார். சனிக்கிழமை ஆய்வாளர் அம்மா மறுபடி வந்தார். மறுபடியும் பாசி. படியில் இறங்கி நின்று தன் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டார். மஞ்சள் வரவே இல்லை.

"உங்க மருந்து பழசாயிருக்கும்மா" என்று மிஷின்காரர் சொல்லிவிட்டார். "வெயில்ல பையில வெச்சா கெட்டுப்போகும். என் சொட்டுக்கு மூணு காட்டுது பாருங்க." உடனே ரப்பர் பாயில் மண்டிபோட்டு எடுத்துக் காட்டவும் செய்தார். அழகான மஞ்சள்.

ஆய்வாளர் அம்மா இரண்டு குழாயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உங்க மருந்து நல்ல மருந்து, என் மருந்து கெட்ட மருந்து. அப்படித்தானே? பாசி மட்டும் என் பக்கம் இருக்கு. வெள்ளிக்கிழமை காலையில புது மருந்தோட வர்றேன். அன்னைக்கும் இப்படியே இருந்தா கேட்டைப் பூட்டி சீல் வெச்சிருவேன் சார். குழந்தைங்க இறங்குற இடம்."

அதில் ஞாயம் இருந்தது. அதனால்தான் அவருக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

சீல் என்பது ஒரு பயம். இன்னொன்று செவ்வாய்க்கிழமை காலை பத்தேமுக்காலுக்கு மோட்டார் பைக்கில் வந்தது.

டீச்சரின் அண்ணன் குழாய் வேலை காண்ட்ராக்டர். குளத்துக்குக் குழாய் போட்டவர் அவர்தான். நேராகச் சமையலறைக்கு வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பெண்கள் வகுப்பில் சேர்ந்தவர்கள் தாங்களாகவே நீந்திப் பழகும் நேரம் அது. டீச்சர் ஜன்னல் வழியே ஒரு கண்ணைக் குளத்தில் வைத்தபடி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் முட்டை வெந்தது. மேற்குக் காற்றில் புழுதி. ஜன்னலைப் பாதிதான் திறக்க முடிந்தது.

"மாப்ள, இன்னைக்கும் பச்சைதானா?"

"மூலையில மட்டும்தான் மச்சான்."

"மூலையில இருந்தா என்ன, நடுவுல இருந்தா என்ன? பல்லுல ஒண்ணு சொத்தைன்னா மத்ததைக் காட்டிச் சிரிப்பீங்களா?"

"மூலையில மட்டும் ஏன் வருதுன்னுதான் பாக்கறேன்."

"ஆரம்பிச்சுட்டாரு." காண்ட்ராக்டர் தங்கையைப் பார்த்தார். "உப்புத் தண்ணின்னா பாசியே புடிக்காதுன்னு யாரும்மா சொன்னது? இவர்தானே? கடல்ல பாசி இல்லையா? பாறை பாறையா இருக்கு."

"அது வேற மச்சான். பாசியைக் கொல்றது உப்பு இல்ல." மிஷின்காரரின் முகம் மலர்ந்துவிட்டது. இதை விளக்கச் சொன்னால் அவர் சாப்பாட்டை மறப்பார். "நம்ம குளத்துல இருக்கிற உப்பு கடல்ல பத்துல ஒரு பங்குகூட வராது. கண்ணீர்ல இருக்கிறதைவிடக் கம்மி. குழாய்ல ஒரு பெட்டி இருக்கில்ல, அதுக்குள்ள தகடு தகடா நிக்குது. கரண்டு ஓடுற அந்தத் தகடுகளுக்கு நடுவுல உப்புத் தண்ணி போகும்போது, உப்பு உடைஞ்சு குளோரின் வருது. பாசியைக் கொன்னு முடிச்சதும் அது திரும்ப உப்பாயிடுது. மறுபடி பெட்டிக்குள்ள போகுது, மறுபடி குளோரின். வட்டம் மச்சான். சைக்கிள் சக்கரம் மாதிரி."

"சக்கரம் பஞ்சராயிருச்சே."

"அதான் எங்க பஞ்சர்னு தேடறேன்."

"தேடுங்க. நான் வெள்ளிக்கிழமை காலையில ஒரு டிரம் குளோரின் பொடி இறக்குறேன். உப்பு மிஷினைக் கழட்டிருவோம். பழையபடி பொடி. ரெண்டு கரண்டி கூடப் போட்டா பாசியோட பாட்டன் வந்தாலும் நிக்காது."

அக்கா முட்டையை உரித்தபடி சொன்னாள்: "இவ கையும் நிக்காதே."

டீச்சரின் கத்தி வெங்காயத்தில் இறங்கியது.

எல்லோருக்கும் அந்தக் கைகள் நினைவிருந்தன. பொடி போட்ட நான்கு வருஷமும் டீச்சரின் விரல் கணுக்கள் வெடித்திருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் அந்தத் தண்ணீரில் நின்றவள், அதில் பொடி எப்போதும் அளவுக்கு மிஞ்சியே கிடக்கும். எலுமிச்சை பிழிய மாட்டாள், ஈரத்துணி பிழிய மாட்டாள். ராத்திரி எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு தூங்குவாள். குழந்தை பயந்துபோய் அவள் விரலை இறுக்கிப் பிடித்தால், சிரித்த முகத்தோடு கண் கலங்குவாள். அதைப் பார்த்துத்தான் மிஷின்காரர் உப்புக்கு மாற்றினார். பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக, தேவைக்குத் தக்கபடி குளோரின் செய்யும்; கொட்டி நிரப்பாது. இரண்டு வருஷத்தில் கைகள் ஆறின. இப்போது வெங்காயம் நறுக்குகிறாள்.

"பொடியே போட்டுக்கலாம் அண்ணா" என்றாள் டீச்சர், நிமிராமல். "கேட்டைப் பூட்டிட்டா கை நல்லா இருந்து என்ன பண்ண? பழகின கைதானே."

மிஷின்காரருக்கு அண்ணன் பேச்சு எதுவும் வலிக்கவில்லை. இது வலித்தது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு" என்றார்.

"எடுத்துக்கோங்க. நான் என்ன பாசியா, மூணாவது நாள் வந்து நிக்கறதுக்கு?"

அவள் சிரிக்காமல் சொன்னாள். அக்காதான் சிரித்தாள்.

*

அன்று மத்தியானம் அவர் உப்புப் பெட்டியைக் கழற்றினார். தகடுகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தால் குளோரின் குறையும். டார்ச் அடித்துப் பார்த்தார். நூல் கனத்துக்குப் படிந்திருந்தது. தண்ணீர் கலந்த வினிகரில் ஊறப்போட்டுக் கழுவினார். அதுவல்ல காரணம் என்று அவருக்கே தெரிந்தது. பெட்டி சரியில்லை என்றால் குளம் முழுக்கப் பச்சையாகும். மூலையை மட்டும் தேர்ந்தெடுக்கப் பெட்டிக்குக் கண் இல்லை.

பம்ப் ஓடும் நேரத்தைச் சரிபார்த்தார். பகலில் எட்டு மணி நேரம். பகலில்தான் ஓட வேண்டும். பம்ப் ஓடினால்தான் பெட்டி குளோரின் செய்யும், வெயில்தான் குளோரினைத் தின்னும். அதுவும் சரி.

அடுத்துச் சந்தேகம் பிரஷ்மேல் விழுந்தது. தேய்க்கிற பிரஷ்ஷே பாசியை ஒளித்துவைத்து மறுபடி கொண்டுவந்து விடுகிறதோ? பெரிய பாத்திரம் ஒன்றில் தண்ணீர் கொதிக்கவைத்து பிரஷ் தலையை உள்ளே போட்டார்.

அக்கா வந்து மூடியைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள்.

"டேய் தம்பி. இது கஞ்சி வைக்கிற பாத்திரம்."

"கழுவித் தர்றேங்க்கா."

"கழுவறதாவது. இனிமே இதுல நீதான் குடிக்கணும். பாசிக் கஞ்சி."

சாயங்காலம் குழந்தைகள் போனபிறகு டீச்சர் குளத்தோரம் வந்து அவர் பக்கத்தில் கால் நனைத்து உட்கார்ந்தாள். வெயில் தணிந்திருந்தது. மிதவைப் பலகைகளை அக்கா ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"வேற என்ன பாக்கணும்?" என்றாள் டீச்சர்.

"தெரியல. அந்த மூலைக்கும் மத்த இடத்துக்கும் என்ன வித்தியாசம்? வெயில் ஒரே மாதிரிதான் அடிக்குது. சுவர் ஒரே சுவர். தண்ணி ஒரே தண்ணி."

"அந்தம்மாவோட குழாய்ல மஞ்சள் வரலையே."

"அது மருந்து கெட்டுப்போச்சு."

"நிஜமாவா?"

ஊசி உடைந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் ஏன் என்று கேட்டவர், தன் கணக்குக்கு ஒத்துவராத ஒரு குழாயைப் பார்த்ததும் ஏன் என்று கேட்கவில்லை. அது அவருக்கு இப்போதுதான் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

*

புதன்கிழமை காலை அக்கா தன் அறையில் துண்டுகளுக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். குளத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற துண்டுகள். மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்ததால் தம்பியைக் கூப்பிட்டிருந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து, பாபினை வெளியே எடுத்து, சிக்கிய நூல் துண்டுகளைப் பிடுங்கிப் போட்டார். மேலே மின்விசிறி ஓடியது. சிவப்பு, நீலம், மஞ்சள் நூல் துண்டுகள் தரையில் ஓடி விளையாடின. கட்டிலுக்கு அடியில் போயின, திரும்பின, கதவு வரைக்கும் போயின.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள மூலையில் மட்டும் நூலும் தூசியும் பஞ்சுபோலத் திரண்டு கிடந்தன. ஆடவில்லை.

"அக்கா, இங்க ஏன் இவ்வளவு தூசி?"

"குத்தம் சொல்லத்தான் கூப்பிட்டேனா உன்னை? தினம் கூட்டறேன். அந்த மூலைக்கு மட்டும் காத்துப் போகாது, வந்தது அங்கயே தங்கிரும்."

மிஷின்காரர் கையிலிருந்த பாபினைக் கீழே வைத்தார். அலமாரி மூலையைப் பார்த்தார். விசிறியைப் பார்த்தார். ஒரே அறை, ஒரே காற்று.

"அக்கா, சிவப்பு நூல்கண்டைக் குடு."

"மிஷின்?"

"அப்புறம்."

"ஓரம்?"

அவர் போய்விட்டார். அக்கா கதவைப் பார்த்துச் சொன்னாள்: "பாதி வயித்தைத் திறந்து போட்டுட்டுப் போறான் பாரு."

குளத்துச் சுவரில் சாய்த்திருந்த மூங்கில் கம்பு ஒன்றை எடுத்தார். நுனியிலிருந்து ஒரு சாண் இடைவெளியில் ஐந்து இடத்தில் சிவப்பு நூல் கட்டினார், ஒவ்வொன்றும் விரல் நீளம் தொங்கும்படி. தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரியாது. நூல் சொல்லும்.

பெண்கள் வகுப்பு ஆரம்பித்திருந்தது. ஆழமான பக்கத்தில் டீச்சர் நான்கு பேரைக் கம்பியைப் பிடித்துக் காலடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஆழம் குறைந்த பக்கத்தில் தபால் ஆபீஸ் அம்மா மட்டும் நீளச் சுவரோரம் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தார். முழங்கால் ஆபரேஷன் ஆனவர். தரையில் பத்து அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவார். தண்ணீரில் அரை மணி நேரம் நடப்பார்.

மிஷின்காரர் கம்பைக் குளத்தின் நடுவில் இறக்கினார். ஐந்து நூலும் ஒரே பக்கம் சாய்ந்து ஆடின. ஆழமான பக்கத்துச் சுவரில் இறக்கினார். நூல்கள் மேலும் கீழுமாகத் துள்ளின. அவர் மண்டிபோடும் ரப்பர் பாய்க்குக் கீழே இறக்கினார். நூல்கள் விறைத்துக்கொண்டு கீழ்நோக்கி இழுபட்டன.

கடைசியாகப் படிக்குப் போனார். மூன்றாம் படி மூலையில் கம்பை நட்டார்.

ஐந்து நூலும் செத்ததுபோல் தொங்கின.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். இருபது, முப்பது, நாற்பது. ஒரு நூல் மட்டும் சோம்பேறித்தனமாக அரை அங்குலம் திரும்பி, மறுபடி தொங்கியது.

"என்ன சார், மீன் புடிக்கிறீங்களா?" என்றார் தபால் ஆபீஸ் அம்மா.

"தண்ணியைப் புடிக்கிறேன்மா. இங்க தண்ணி நகரவே மாட்டேங்குது பாருங்க. பெட்டியில செஞ்ச குளோரினைத் தண்ணிதான் தூக்கிட்டுப் போகணும். உங்க ஆபீஸ்ல எவ்வளவு லெட்டர் இருந்து என்ன? ஒரு தெருவுக்கு மட்டும் ஆள் போகலைன்னா அந்தத் தெருவுக்கு லெட்டர் கிடையாது. இந்த மூலைக்குத் தபால்காரர் வர்றதில்ல."

"அட, முன்னாடி வந்துட்டிருந்தாரே!"

"என்னம்மா சொல்றீங்க?"

"நான் சேர்ந்த புதுசுல இந்தச் சுவர்ல இருந்து தண்ணி புஸ்ஸுன்னு அடிக்கும். படிப்பக்கமா தள்ளும். எனக்கு முழங்கால் ஊனவே விடாது, ரெண்டு தடவை சாயப்போனேன். உங்க வீட்டம்மாதான் எனக்காக அதைக் கீழ்ப்பக்கமா திருப்பி வெச்சாங்க. புண்ணியவதி. அதுக்கப்புறம்தான் நிம்மதியா நடக்கறேன்."

"நீங்க எப்பம்மா சேர்ந்தீங்க?"

"ரெண்டு மாசம் ஆச்சு சார்."

முதல் பச்சை வந்தும் இரண்டு மாதம்தான்.

மிஷின்காரர் ரப்பர் பாயில் மண்டிபோட்டு, தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சுவரைத் தடவினார். பம்பும் ஃபில்டரும் உப்புப் பெட்டியும் கடந்து தண்ணீர் குளத்துக்குத் திரும்பி வரும் வாய் அங்கே இருந்தது. எலுமிச்சை அளவில் ஒரு உருண்டை, நடுவில் ஓட்டை. விரலால் எந்தப் பக்கமும் திருப்பலாம். படி மூலையைப் பார்க்க வேண்டிய ஓட்டை நேர் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாயின் மேலேயே மண்டிபோட்டுத்தான் இத்தனை நாளும் அவர் தண்ணீர் எடுத்திருக்கிறார். பெட்டியிலிருந்து அப்போதுதான் வந்த, குளோரின் நிறைந்த தண்ணீர். கம்பி இருக்கிறது, பாய் இருக்கிறது, முழங்காலுக்கு வசதி. அடுப்படியில் கையை வைத்துக்கொண்டு வீடே கதகதப்பாக இருக்கிறது என்று இரண்டு மாதமாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் சோதனைப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஒரு குழாயில் பாய்க்குக் கீழிருந்து தண்ணீர். இன்னொன்றில், மூன்றாம் படியில் இறங்கி நின்று, முழங்கை ஆழத்தில் மூலைத் தண்ணீர். இரண்டிலும் அதே மருந்து, ஐந்தைந்து சொட்டு.

ஒன்று எலுமிச்சை மஞ்சள். மற்றது வெறும் தண்ணீராகவே நின்றது, ஒரு நிறமும் ஏறாமல்.

ஆய்வாளர் அம்மாவின் மருந்து கெடவில்லை. அவர் செருப்பைக் கழற்றி இறங்க வசதியாக இருந்தது படி, அங்கே எடுத்தார். இவருக்கு வசதி பாய், இங்கே எடுத்தார். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

*

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு அவர் டீச்சரை நிழலுக்குக்கூடக் கூட்டிப்போகவில்லை. ஈரத்தோடு நின்றவளின் முன்னால் இரண்டு குழாயையும் நீட்டினார்.

"இது பாய்க்குக் கீழ. இது படி மூலை."

அவள் பார்த்தாள். "அப்ப அந்தம்மா சொன்னது சரிதானா?"

"சரிதான். நான்தான் தப்பான இடத்துல எடுத்துட்டு மார் தட்டியிருக்கேன்." குழாய்களைக் கீழே வைத்தார். "தண்ணி வர்ற வாயை நீயா திருப்பினே?"

டீச்சரின் கை தலை துவட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றது. அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது: தபால் ஆபீஸ் அம்மா, உருண்டை, இரண்டு மாதம், இருபது தடவை அவர் கையில் கொடுத்த பிரஷ்.

"ஐயோ" என்றாள். "ஒரு நாளைக்குன்னுதாங்க திருப்பினேன். மறந்தே போச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஏன்னு கேப்பீங்க."

"கேப்பேன்தான்."

"ஏன் திருப்பினே, எவ்வளவு திருப்பினே, முழங்காலுக்கு ஏன் ஆபரேஷன், எந்த டாக்டர்... அந்தம்மா தண்ணியில நின்னுட்டிருக்காங்க. உங்களுக்குப் பதில் சொல்றதுக்குள்ள அவங்களுக்கு அடுத்த முழங்காலும் போயிரும்னு நானே திருப்பிட்டேன்."

உள்ளேயிருந்து அக்கா சிரித்த சிரிப்பு குளத்துச் சுவரில் பட்டுத் திரும்பியது. மிஷின்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

"உப்பு வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்களையும் தேய்க்க வெச்சேன்."

"உப்பு ஒண்ணும் நினைச்சுக்காது."

"நீங்க?"

"நான் அந்தம்மாவோட மருந்தையே திட்டினவன். என்கிட்ட என்ன கேக்கறே?"

அவள் தண்ணீரில் இறங்கினாள். அவர் கம்பை மூலையில் பிடித்துக்கொண்டார். அவள் உருண்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள்.

"இப்ப?"

"ஆடல."

"இப்ப?"

"மேல் நூல் மட்டும். இன்னும் இடது பக்கம். ஒரு மயிரிழை... நில்லு!"

ஐந்து நூலும் ஒன்றாக எழுந்து, சுவரைத் தொட்டு, வளைந்து திரும்பி ஆடின. வளர்ந்த இரண்டு பேரும் ஐந்து நூலைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக நின்றார்கள்.

"பிரஷ் எடுத்துட்டு வரட்டா?" என்றாள் டீச்சர்.

"வேண்டாம். மூலையைத் தேய்க்காதே. நாளைக்கும் தேய்க்க வேண்டாம்."

"என்னங்க விளையாடறீங்க? வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டரம்மா வர்றாங்க."

"நேத்துத் தேய்ச்சது. வழக்கப்படி வெள்ளிக்கிழமை காலையில வரணும். நடுவுல தேய்ச்சா, பிரஷ்ஷால வரலையா, தண்ணி ஓடறதால வரலையான்னு எப்படித் தெரியும்?"

"தெரியலைன்னா போகுது! கேட்டைப் பூட்டிருவாங்க."

"இந்த வெள்ளிக்கிழமை தேய்ச்சுத் தப்பிச்சிரலாம். அடுத்த வாரம்? உங்க அண்ணன் டிரம்மோட நிப்பாரு. உன் கையில நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்."

டீச்சர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் தண்ணீரில் இருந்ததால் விரல் நுனிகள் சுருங்கியிருந்தன, வெடிப்பு இல்லை.

"சரி. தேய்க்கல" என்றாள். "ஆனா பச்சை வந்துச்சுன்னா, அந்தக் கஞ்சிப் பாத்திரத்துல நீங்கதான் மூணு வேளையும்."

*

வியாழக்கிழமை அவள் ஆறு தடவை மூலையை எட்டிப் பார்த்தாள். அவர் எண்ணினார், அவர் எட்டிப் பார்த்ததை அக்கா எண்ணினாள், பதினொன்று. புழுதிக் காற்று அன்றும் அடித்தது. மத்தியானம் படித் தண்ணீரைச் சோதித்தார்: வெளிறிய மஞ்சள், ஒன்று. சாயங்காலம்: இரண்டு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் படியில் நின்றார்கள். ராத்திரி மழை தூறியிருந்தது. தண்ணீர்மேல் இரண்டு இலை. மிஷின்காரர் இறங்கிக் கட்டைவிரலை மூன்றாம் படி மூலையில் வைத்துத் தேய்த்தார். சிமெண்ட் சொரசொரவென்று விரலைப் பிடித்தது.

"என்ன?" என்றாள் டீச்சர்.

"வழுக்கல."

அவளும் இறங்கித் தடவினாள். அக்காவும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, ஒரு வார்த்தைக்கு மூன்று பேர் சாட்சி வேண்டும்போல, தடவினாள்.

எட்டு மணிக்குக் காண்ட்ராக்டர் டிரம்மைக் குட்டியானை வண்டியிலிருந்து உருட்டிக்கொண்டு வந்தார். மூலையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். "தேய்ச்சாச்சா?"

"தேய்க்கவே இல்ல அண்ணா. செவ்வாக்கிழமைக்கு அப்புறம் பிரஷ்ஷையே தொடல."

அவர் திறக்காத டிரம்மின்மேல் உட்கார்ந்துகொண்டார். "குழாய் போட்டவன் நான். அந்த வாயை மூலையைப் பார்த்துத்தான் வெச்சேன். ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நீங்க பொடியைப் பத்தியே பேசிட்டிருந்தீங்க மச்சான்."

"சரி சரி. டீ குடுங்க."

ஒன்பது மணிக்கு ஆய்வாளர் அம்மா வந்தார். புது மருந்துக் குப்பியின் மூடி முத்திரையை எல்லோரும் பார்க்கும்படி உடைத்தார். மிஷின்காரர் தானே படியைக் காட்டினார். "இங்கயே எடுங்கம்மா. மூணாவது படி, முழங்கை ஆழம். அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி."

அவர் இறங்கினார், எடுத்தார், சொட்டு விட்டார், குலுக்கினார். மஞ்சள். அட்டையோடு வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு காலால் மூலையை அழுத்திப் பார்த்தார். அவர் பார்வை மூலையில் கட்டியிருந்த சிவப்பு நூலில் நின்றது. மிஷின்காரர் அதைப் படிக் கைப்பிடியின் அடியில், தண்ணீருக்குள், நிரந்தரமாகக் கட்டிவிட்டிருந்தார்.

"இது எதுக்கு?"

"காவல்காரன்மா. அது ஆடினா இந்த மூலைக்குத் தண்ணி வருதுன்னு அர்த்தம். தொங்கினா யாரோ வாயைத் திருப்பியிருக்காங்க."

டீச்சர் விசிலைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"நூல் நுனி வெளுத்திருக்கே" என்றார் ஆய்வாளர் அம்மா.

"ஆமாம்மா!" மிஷின்காரரின் குரல் உயர்ந்தது. "ரெண்டு நாள்ல வெளுத்திருச்சு. ஏன்னா, குளோரின் இங்க வந்து சேருது. வெளுக்கட்டும். வாரத்துக்கு ஒண்ணு மாத்திக்கலாம்."

ஆய்வாளர் அம்மா தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காண்ட்ராக்டர் டிரம்மைத் திரும்ப உருட்டிக்கொண்டு போனார்.

பத்து மணிக்குத் தபால் ஆபீஸ் அம்மா வந்தபோது டீச்சர் உருண்டையைக் கீழே திருப்பினாள். அவர் அரை மணி நேரம் நிம்மதியாக நடந்து கரையேறியதும், மறக்காமல் மறுபடி படி மூலைக்குத் திருப்பினாள். பிறகு சாக்கட்டியை எடுத்து, பம்ப் அறைக் கதவில் வகுப்புக் கையெழுத்தில் எழுதினாள்:

'பம்ப் பகலில் எட்டு மணி நேரம். பெண்கள் வகுப்பு முடிந்ததும் வாயைப் படி மூலைக்குத் திருப்பவும். சோதனைத் தண்ணீரைப் படி மூலையில் மட்டும் எடுக்கவும். சிவப்பு நூல் ஆட வேண்டும்.'